விலை அறியாதாரிடம் வாங்குதல்

நெல்லுக்கும் பொன்னுக்கும் அன்றாட விலை உண்டு. செய்தித்தாளைப் பிரித்தால் தெரிந்துவிடும். விற்பவரும் வாங்குபவரும் அதனை ஒருங்கே அறிந்திருப்பதால், அங்கே ஒருவர் மற்றவரை ஏய்க்க வேண்டுமாயின் எடையிலோ கலப்படத்திலோதான் ஏய்க்க இயலும். ஆனால் சில பொருள்களுக்கு ஊரறிந்த விலை என்பதே இல்லை. அவற்றின் மதிப்பு அவற்றை நாடுவோரின் அறிவில் மட்டுமே இருக்கிறது. அத்தகைய பொருளை, அதன் மதிப்பை அறியாத ஒருவரிடமிருந்து, அவர் கேட்ட விலைக்கே வாங்கிக்கொள்ளலாமா? கேட்டதைக் கொடுத்துவிட்டோமே, இதில் களவு எங்கே வந்தது என்று வினவுவோர் பலர். இவ்வினாவை ஒரு பழைய படக்கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆராய விழைகிறோம். சிறுவர் படிக்கும் படக்கதைக்கு இவ்விதழில் என்ன வேலை என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. இத்தகைய ஆராய்ச்சிக்குச் சிறு பொருளே ஏற்றது. பெரும் பொருளாயின் வழக்கறிஞர் இடையே வந்துவிடுவார்.

கழுகுமலைச் சமணச் சிற்பங்களை வழிபடச் செல்லும் நம்மவர் பலர் கோவில்பட்டியில் இறங்கித்தான் செல்வர். சுற்றிலும் கரிசல் நிலம். வானத்தை நம்பி விதைக்கும் பருத்தியும் கம்பும் உளுந்தும் மல்லியும் விளையும் பூமி. ஊருக்குள் தீப்பெட்டித் தொழில். 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாயை அறியாதார் இலர். அங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் சிவகாசி. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர்பெற்ற அவ்வூர் அச்சுத்தொழிலுக்கும் தலைநகர். அங்கேதான் 1972ஆம் ஆண்டு திரு. சௌந்தரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸ் என்னும் படக்கதை வெளியீட்டைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் அவர்கள் அதன் ஆசிரியராக இருந்தார். முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர்தான் அது. வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஒருவன், மின்சாரம் பாய்ந்தவுடன் உடல் முழுதும் மறைந்து அக்கை மட்டும் வெளியே தெரிய உலவுவான் என்பது கதை. 1984இல் சௌந்தரபாண்டியன் அவர்களின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். தினத்தந்தி குழுமத்தாரின் ராணி காமிக்ஸும் அதே ஆண்டில் பிறந்தது. முத்து காமிக்ஸ் 2022இல் ஐம்பதாண்டு கண்டது.

அக்காலத்து இதழ்கள் இன்று அரிதாயின. அதற்குக் காரணம் தேடி அலைய வேண்டுவதில்லை. மலிவான செய்தித்தாள் காகிதம் தன்னிலுள்ள புளிப்பினாலேயே பழுத்து நொறுங்கும். கம்பிப் பின் துருவேறும். மிஞ்சியதை இராமபாணப் பூச்சியும் கரையானும் உண்ணும். வாடகை நூல்நிலையங்களில் நூறு கைகள் புரட்டின. ஆசிரியப் பெருமக்கள் வகுப்பறையில் பறித்துவைத்தவை எங்கே போயின என்பதை அவர்களே அறிவர். எஞ்சியவை பழைய பேப்பர் கடைக்குப் போய்ப் பொட்டலமாயின. இவ்வளவுக்கும் தப்பிய ஒரு பிரதியை, சிறுவயதில் அதைப் படித்து இன்று நடுவயதை எட்டியவர்கள் தேடித் திரிகின்றனர். பல மடங்கு விலை கொடுக்கவும் முன்வருகின்றனர்.

மேனாட்டில் இத்தேட்டம் பெருவணிகமாகிவிட்டது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சி.ஜி.சி. என்னும் நிறுவனம் 2000ஆம் ஆண்டு முதல் பழைய படக்கதைகளைச் சோதித்து, அரை முதல் பத்து வரை மதிப்பெண் இட்டு, ஒளி ஊடுருவும் நெகிழிப் பெட்டியில் வைத்து மூடித் தருகிறது. பழுது பார்த்து ஒட்டப்பட்ட நூலாயின் அதனைத் தனி நிறச் சீட்டினால் அறிவித்துவிடுகிறது. 1938இல் பத்து சென்ட்டுக்கு விற்ற 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி, எட்டரை மதிப்பெண்ணுடன் 2024இல் அறுபது இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஆகவே சான்று பெற்ற நூலுக்கும் பெறாத நூலுக்கும் இடையே விலையில் பெரும் பள்ளம் உண்டாகிறது. தமிழ்ப் படக்கதைகளோ பெரும்பாலும் எந்தச் சான்றும் இன்றியே கைமாறுகின்றன. அங்கே மதிப்பெண் இடுபவர் விற்பவரும் வாங்குபவருமே.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் இதுபற்றியே யோசனை கேட்டு வந்தார். ஐம்பதைக் கடந்தவர், தூத்துக்குடியில் பணி. கோவில்பட்டியில் ஒரு வீட்டில், கணவரை இழந்த முதிய அம்மையார் ஒருவர் பழைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அதனுள் முத்து காமிக்ஸின் முதல் இதழ் கிடைத்திருக்கிறது. எடைக்குப் போடவிருந்ததை இவர் தற்செயலாகக் கண்டு விலை கேட்டாராம். அந்த அம்மையார் சற்றுத் தயங்கி, "ஒரு ஐந்நூறு ரூபாய் குடுங்க தம்பி" என்றாராம். அதுவே அதிகமோ என்ற கூச்சம் அவர் முகத்தில் இருந்ததாம். மாணவரின் கவலை வேறு. "டீச்சர், நடுத்தாள் கழன்றிருக்கிறது. மேலட்டை அசல்தானா என்று உறுதியாகத் தெரியவில்லை. தரம் பார்த்துச் சொல்ல ஆளில்லை. 500 ரூபாய் கொடுத்து ஏமாந்துவிட்டால்?" என்றார். நல்ல பிரதியாயின் அதற்குப் பல மடங்கு பெறும் என்பதையும் அடுத்த மூச்சில் சொன்னார்.

தாம் ஏமாறலாகாது என்னும் அச்சம் இயல்பே. கரிசல் நாட்டார்க்குத் தரச்சீட்டு இல்லாப் பொருளை வாங்குவது புதிதன்று. பருத்தி வாங்குவோர் ஒரு கைப்பிடி பஞ்சை எடுத்து இரு கட்டைவிரல்களுக்கு இடையே இழுத்து இழை நீளம் பார்ப்பர். தூசும் ஈரமும் பார்ப்பர். மாட்டுச் சந்தையில் பல் பிடித்து வயது பார்ப்பர், சுழி பார்ப்பர், நடக்கவிட்டுப் பார்ப்பர். புத்தகத்துக்கும் அவ்வாறே சோதனை உண்டு. முதற்பக்கம் தொடங்கி எண்ணிப் பார்த்துத் தாள் ஏதேனும் குறைகிறதா என்று காண வேண்டும். கம்பிப் பின்னின் துரு, உட்தாளிலும் மேலட்டையிலும் ஒரே இடத்தில் கறை ஏற்றியிருக்கிறதா என்று நோக்க வேண்டும். அட்டையில் மட்டும் கறை இல்லையேல் அது பின்னால் சேர்ந்த அட்டை. உருப்பெருக்குக் கண்ணாடி வைத்தால் பழைய அச்சின் வண்ணப் புள்ளிகளும் வண்ண ஜெராக்ஸின் தூளும் வேறுவேறாகத் தோன்றும். ஓரங்கள் புதிதாக வெட்டப்பட்டிருந்தால் தாளின் பழுப்பு ஓரத்தில் திடீரென நின்றுவிடும். அதே கதை பிற்காலத்தில் மறுபதிப்பாகவும் வந்திருப்பதால் வெளியீட்டு விவரம் அச்சான பக்கத்தைப் படிக்காமல் வாங்கலாகாது. இவற்றையெல்லாம் அவருக்குச் சொன்னோம். அவரும் அறிந்தவரே.

ஆனால் அவர் வினாவில் அந்த அம்மையார் ஏமாறுவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைத்தான் நாம் திரும்பக் கேட்டோம்.

"அவர் கேட்ட விலை; நான் பேரம்கூடப் பேசவில்லை. சட்டப்படி இதில் குற்றம் உண்டா?" என்றார். சட்டப்படி இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில் மோசடியை விளக்குமிடத்து, வெறும் மௌனம் மோசடி ஆகாது என்றே பொதுவாகக் கூறுகிறது. அங்கே தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகள் நம் கவனத்துக்குரியவை. வணிகர் இருவர் ஒப்பந்தம் பேசும்போது விலை மாற்றம் பற்றிய செய்தி ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அதனை மற்றவருக்கு உரைக்க அவர் கடமைப்பட்டவரல்லர் என்பது ஒன்று. நோயுற்ற குதிரையை ஏலத்தில் விற்பவர் வாய் திறவாதிருந்தால் அது மோசடியன்று என்பது மற்றொன்று. அதே குதிரையை அப்போதுதான் வயதுவந்த தம் மகளுக்கு விற்பாராயின், உறவின் காரணமாகவே உண்மையைச் சொல்லும் கடமை அவருக்கு வந்துவிடுகிறது என்கிறது இன்னொன்று. ஆக, மௌனத்தின் குணம் எதிரே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்து மாறும் என்பதைச் சட்டமே ஒருபுறம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் இதற்குப் புகழ்பெற்ற ஒரு வழக்கு உண்டு. 1815இல் போர் முற்றுகையால் நியூ ஆர்லியன்ஸ் நகரில் புகையிலை விலை வீழ்ந்து கிடந்தது. சமாதான உடன்படிக்கை ஏற்பட்ட செய்தியை ஊரார் அறியுமுன் அறிந்த ஆர்கன் என்ற வணிகர், விடியற்காலையில் சென்று 111 பீப்பாய்ப் புகையிலையை வாங்கிவிட்டார். புதுச்செய்தி ஏதேனும் உண்டோ என்று விற்பவர் தரப்பில் கேட்கப்பட்டது; அதற்கு அவர் விடை கூறவில்லை. செய்தி பரவியதும் விலை நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது வரை ஏறியது. 1817இல் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி மார்ஷல், வாங்குபவர் தாம் அறிந்ததைச் சொல்லக் கடமைப்பட்டவரல்லர் என்று தீர்த்தார். ஆயினும் மற்றவரை மயக்கும் சொல்லோ செயலோ இருக்கலாகாது என்று சொல்லி, அதனை ஆராய வழக்கைத் திருப்பி அனுப்பினார். வணிகருக்கும் வணிகருக்கும் இது போதுமானதாக இருக்கலாம். இருவரும் நாளும் செய்தி தேடுபவர்கள். இன்று தோற்றவர் நாளை வெல்வார்.

நம் ஆசாரியர்கள் களவுக்கு வகுத்த எல்லை இதனினும் அகன்றது. கொடுக்கப்படாததைக் கொள்ளுதல் என்னும் பொருளில் அதனை அதத்தாதானம் என்றனர். சமந்தபத்திராசாரியர் இல்லறத்தார்க்கு இவ்விரதத்தை விளக்குமிடத்து, வைக்கப்பட்ட பொருள், விழுந்த பொருள் என்பவற்றோடு மறக்கப்பட்ட பொருளையும் சேர்த்தார். இச்சொல்லிடத்தில் நாம் பலகாலம் நின்று சிந்தித்ததுண்டு. பொருளை மறப்பதுபோலவே பொருளின் மதிப்பை மறப்பதும், அறியாதிருப்பதும் உண்டன்றோ? அந்த அம்மையார் கொடுக்க நினைத்தது எதனை? 500 ரூபாய் பெறும் ஒரு பழந்தாள் கட்டினை. மாணவர் கொள்ள நினைத்தது எதனை? அதனினும் பல மடங்கு பெறும் அரிய பிரதியை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பகுதி அவரால் கொடுக்கப்பட்டதா? தம்மிடம் இருப்பதாகவே அறியாத ஒன்றை ஒருவர் எங்ஙனம் கொடுக்க இயலும்? நம் கருத்தில் அப்பகுதி கொடுக்கப்படாததே.

இதற்கு மாணவர் சொன்ன மறுப்பு வலிமையுடையது. அதனை மறைத்தல் முறையன்று. "நாற்பதாண்டு இதையே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த அறிவுக்குக் கூலி இல்லையா? நான் போகாவிட்டால் அது எடைக்குத்தான் போயிருக்கும்" என்றார். கூலி உண்டு. அறிவும் உழைப்பே. எனினும் கூலி என்பது கேட்டுப் பெறுவது. கூலியாளோ மருத்துவரோ தம் கூலியை எதிரே நிற்பவர் அறியாமல் அவர் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. இப்பிரதி அசலாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அசலாயின் இவ்வளவு வரை பெறும். போலி அட்டையாயின் ஒன்றும் பெறாது. சான்று இல்லாமையால் அந்த இழப்பை நான் ஏற்கிறேன். ஆகவே இவ்வளவு தருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். அங்ஙனம் சொல்லிக் குறைத்த விலையில் குற்றம் காண நாம் யார்? தரமறியாப் பொருளை வாங்குவோர் ஏற்கும் இடருக்கு அந்தக் குறைப்பு உரிய ஈடு. மனத்தில் ஓடும் கணக்கை உரக்கச் சொல்லவும் கூடுமாயின் வாங்கலாம் என்பதே நாம் அவருக்குச் சொன்ன யோசனை.

அப்போது அவர் மாட்டுச் சந்தையை நினைவூட்டினார். துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்தன்றோ அங்கே விலை பேசுகிறார்கள், அதுவும் மறைப்புத்தானே என்றார். மறைப்புத்தான், ஆனால் துண்டு மறைப்பது சூழ நிற்கும் வேடிக்கை பார்ப்போரிடமிருந்து. உள்ளே இருக்கும் இரு கைகளுக்கும் விலை தெரியும். இங்கோ ஒரு கைக்குத் தெரிந்தது மறு கைக்குத் தெரியவில்லை.

பழைய பேப்பர் கடைக்காரரிடம் கிடைத்தால் என் செய்வது என்பது வேறு கேள்வி. அவர் வணிகர், கட்டைப் பிரித்துப் பார்க்க அவருக்கு வாய்ப்பும் உண்டு, தேவையும் உண்டு. கிலோ விலைக்கு மேல் அவர் கேட்டதைக் கொடுத்து வாங்கிக்கொள்வதில் நமக்குப் பெரிய தடை தோன்றவில்லை. பிரித்துப் பார்க்கவே கண் மங்கிய வீட்டு அம்மையாரையும் அவரையும் ஒரு தட்டில் வைக்க இயலாது. ஆனால் அக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, இது ஏதும் பெறுமா தம்பி என்று கேட்டுவிட்டால், அதன்பின் மௌனம் வணிகம் ஆகாது.

இதனோடு ஒட்டிய வேறு இரண்டு செய்திகள். முதலாவது, முத்திரை. பழைய பிரதிகள் பலவற்றில் பள்ளி நூலகத்தின் முத்திரையோ பொது நூலகத்தின் முத்திரையோ இருக்கக் காணலாம். நீக்கப்பட்ட நூல் என்ற குறிப்பு உடன் இல்லையேல் வாங்குமுன் வினவ வேண்டும். திருடர் கொணர்ந்ததை வாங்குவதும் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று என்பதை அருங்கலச்செப்பு படித்தோர் அறிவர். மேலே சொன்ன 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் மற்றொரு பிரதி 2000ஆம் ஆண்டு ஒரு நடிகர் வீட்டில் களவு போய், 2011இல் கலிபோர்னியாவில் கண்டெடுக்கப்பட்டது. பின்னர் ஒன்பது மதிப்பெண்ணுடன் இருபத்தோரு இலட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. தரச்சீட்டு தாளின் நிலையைச் சொல்லும். அது கடந்துவந்த கைகளைச் சொல்லாது.

இரண்டாவது, ஒத்த பொருளைக் கலத்தல். இதுவும் அதிசாரங்களுள் வைத்து எண்ணப்பட்டதே. கரிசல் நாட்டுக்கு இது பழைய நோய். கருங்கண்ணிப் பருத்தியோடு தாழ்ந்த புளிச்சைப் பஞ்சைக் கலந்து விற்ற தீமையைத் தடுக்க 1930களில் சென்னை மாகாண அரசு சட்டம் இயற்ற நேர்ந்தது. அசல் உட்தாளுக்குப் பிரதியெடுத்த அட்டையைப் பூட்டிக் கைமாற்றுவோரும் புளிச்சை கலந்தவரே. இன்று வாங்குபவர் நாளை விற்பவராவார் அல்லரோ? அட்டையில் தமக்கு ஏற்பட்ட ஐயத்தை, அடுத்தவருக்கு விற்கும் நாளில் அவர் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு துண்டுத்தாளில் எழுதி நூலுள் வைத்துவிடுவது எளிய வழி.

மாணவர் மறுவாரம் கோவில்பட்டிக்குச் சென்று அந்த அம்மையாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் மதுரையிலுள்ள மகளிடம் தொலைபேசியில் கேட்டார். அப்பா வைத்திருந்தது, இருக்கட்டும் என்று மகள் சொல்லிவிட்டாராம். ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். உண்மை சொன்னதால் புத்தகம் போயிற்று என்று மாணவர் நம்மிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார். போயிற்றுத்தான். அதை இலாபம் என்று இனிப்புப் பூசிச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. பெட்டியில் வசம்புத் துண்டு போட்டு வைக்கும்படியாவது அவர்களுக்குச் சொன்னீரா என்று கேட்டோம். சொன்னாராம்.

பின்னர்ப் பேச்சு வேறு திசையில் சென்றது. அவர் வீட்டு அலமாரியில் அறுநூறுக்கு மேல் படக்கதைகள் இருக்கின்றன. பல, உறை பிரிக்கப்படாதவை. நெகிழிப் பெட்டியில் மூடித் தரும் மேனாட்டு முறை இங்கும் வந்தால் நன்று என்பது அவர் விருப்பம். நமக்கு அது விளங்கவில்லை. பெட்டியைத் திறந்தால் சான்று அழியும். திறவாவிட்டால் படிக்க இயலாது. படிக்க இயலாத புத்தகம் செங்கல்லின் வகையைச் சேர்ந்ததா, பொற்காசின் வகையைச் சேர்ந்ததா? பொருள் வரைதல் என்னும் விரதத்தில் நிலம், வீடு, பொன், தானியம் என்று அளவு குறித்துக்கொள்வோர் தம் ஆசைக்குரிய சிறு பொருள்களை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அறுநூறு பட்டுப்புடவை வைத்திருப்பவரைப் பற்றி ஊர் பேசும். அறுநூறு புத்தகத்தை யாரும் பேசார், ஏனெனில் புத்தகம் என்றால் அறிவு என்று நினைத்துக்கொள்கிறோம். இவ்வளவு போதும் என்று ஓர் எண் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்று புதிதாக வந்தால் ஒன்றை யாருக்கேனும் படிக்கக் கொடுங்கள் என்றோம். அவர் இசைந்தும் இசையாமலும் தலையசைத்தார்.

அவர் தேடிய அக்கதை, மறுபதிப்பாக முன்னமே அவர் வீட்டில் இருக்கிறது. அவருடைய பேத்தி சென்ற கோடை விடுமுறையில் ஒரே பிற்பகலில் படித்து முடித்தாளாம். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைகிறதே, அவன் போட்டிருக்கும் சட்டை எப்படி மறைகிறது என்று தாத்தாவைக் கேட்டிருக்கிறாள். அவர் அதையும் நம்மிடம் கொண்டுவந்தார். நாம் தமிழாசிரியை, அறிவியல் ஆசிரியரிடம் கேட்கச் சொன்னோம்.